பலகைக்கு வந்த விலை

கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவை இன்று எல்லோரும் லிட்டில் இந்தியா என்கிறார்கள். எங்கள் வீட்டில் கடைசிவரை அது ரெம்பாவ் ஸ்திரீட்தான். பெயர் எதுவானாலும் அந்தக் கடை வரிசையின் உடல்வாகு மாறவில்லை. முகப்பு ஏறக்குறைய இருபது அடி. உள்ளே நடந்தால் அறுபது எழுபது அடிக்கு நீண்டுகொண்டே போகும். வெயில் முன்பகுதியோடு நின்றுவிடும். தெருவில் போகிறவர் கண்ணில் படுவது அந்த இருபது அடி மட்டுமே. மலாயாவில் கடை வைத்தவர் தமிழரோ சீனரோ குஜராத்தியோ, எல்லோருக்கும் முதல் கவலை ஒன்றுதான்: முன்னால் எதை வைப்பது, கைக்கெட்டும் இடத்தில் எதை வைப்பது, இருட்டுக்குள் எதைத் தள்ளுவது? அதை முடிவு செய்யும் ஆள் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்தார். ஆள் மாறியபோதெல்லாம் லாபம் விழும் பையும் மாறியது.

இந்தக் கட்டட அமைப்புக்கு ஒரு கதை உண்டு. 1881இல் கோலாலம்பூரைத் தீ தின்றது. அதே ஆண்டு வெள்ளமும் வந்து மிச்சத்தை அடித்துப் போனது. மரமும் அத்தாப்பும் வைத்துக் கட்டிய கடைகள் அவை. அடுத்த ஆண்டு சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், இனி செங்கல்லும் ஓடும்தான் என்றார். அந்தச் செங்கல்லைச் சுட்ட காளவாய்கள் இருந்த இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். கடைக்கு முன்னால் ஐந்தடிக்குக் கூரை போட்ட நடைபாதை விட வேண்டும் என்ற வழக்கம் அதற்கும் முந்தியது, 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த விதியிலிருந்து வந்தது. சட்டப்படி அது நடப்பவருக்கு உரிய இடம். ஆனால் வெங்காய மூட்டையும் தேங்காய்க் குவியலும் கருவாட்டுத் தட்டும் முதல் நாளிலிருந்தே அங்கே ஏறி உட்கார்ந்துகொண்டன. கடைக்காரருக்கு அது வாடகை இல்லாத பலகை.

அப்பாவின் கடையைச் சொல்கிறேன். உள்ளே நுழைந்தவுடன் குறுக்கே ஒரு நீளமான மர மேசை. வாடிக்கையாளர் அதற்கு இந்தப் பக்கம், சரக்கு முழுவதும் அந்தப் பக்கம். மேசையின் ஓரத்தில் கல்லாப்பெட்டி. அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமல் இடது கையை நீட்டினால் தீப்பெட்டி, சுருட்டு, தேயிலைப் பொட்டலம். வலது கையை நீட்டினால் கோடாலித் தைலம், ஊதுபத்தி, கற்பூரம். முதுகுக்குப் பின்னால் சிறுசிறு இழுப்பறைகள்: மிளகு, சீரகம், சோம்பு, வெந்தயம், கசகசா. அதற்கு மேலே பலகைகள். இடுப்பு உயரத்தில் சவர்க்காரம், சீயக்காய். தலைக்கு மேலே பால் டின்னும் மைலோ டின்னும் ஆயம் பிராண்டு மத்தி டின்னும், படம் முன்னால் தெரியும்படி அடுக்கியிருக்கும். படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர். ‘அந்தச் சாப்பு குடுங்க’ என்று படத்தைப் பார்த்து விரலை நீட்டுவார்கள். தரையில் அரிசி, பருப்பு, சீனி மூட்டைகள், வாயைச் சுருட்டி மடித்தபடி. உத்தரத்திலிருந்து டாச்சிங் தராசு தொங்கும். மண்ணெண்ணெய் மட்டும் கொல்லைப்புறத்தில், நாற்றம் தேயிலையில் ஏறிவிடக் கூடாதே என்று.

அப்பாவின் விதி ஒன்றே ஒன்று: ‘கால் நகரக் கூடாது.’ நாளில் நூறு தடவை கேட்கிற பொருள் கைக்கெட்ட வேண்டும். பத்துத் தடவை கேட்கிற பொருளுக்கு ஓரடி எடுத்து வைக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை போகிற பொருளுக்குக் கடைப் பையன் ஏணி போடலாம். கடையில் இருந்த பலகையெல்லாம் விற்பவரின் உடலுழைப்பைக் கணக்கிட்டுப் பிரிக்கப்பட்டது. வாங்குபவரின் கண் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அப்பாவுக்கு லாபம் தந்தவை தாயில் கணக்கில் நிறுத்துத் தரும் இழுப்பறைச் சரக்குகள். கட்டிக்குப் பதினாறு தாயில். அரிசியிலும் சீனியிலும் எதுவும் நிற்காது. அவற்றைத் தரையில் போட்டதற்குக் காரணம் பாரம் மட்டும்தான் என்று பல ஆண்டு நினைத்திருந்தேன். லாபம் இல்லாததற்குப் பலகை எதற்கு என்ற கணக்கும் அதில் இருந்தது.

விற்றதெல்லாம் வாய்தான். ‘அக்கா, நல்ல துவரம்பருப்பு வந்திருக்கு, ரெண்டு கட்டி போடட்டுமா?’ இந்த ஒரு வரிக்காக மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எந்தத் தோட்டம், வீட்டில் எத்தனை பேர், எந்த வாரம் சம்பளம் என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் 555 நோட்டுப் புத்தகம் ஒன்று கடையில், ஒன்று வாடிக்கையாளர் கையில். வாங்கியதை இரண்டிலும் எழுதுவார்கள். கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளுக்கும் சோறு போட்டது இந்தக் கடன்தான். கடனுக்கு வாங்குபவர் கடை மாற்ற மாட்டார். ‘இது வேண்டாம், அது குடுங்க’ என்று அதிகம் பேரம் பேசவும் மாட்டார். அதனால் பழைய மளிகைக் கடையின் லாபத்தைக் கணக்கிடும்போது பலகையை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். மறுபாதி 555இல் இருந்தது. நம்மவர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கடனைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சுரண்டிய கடைகளும் இருந்தன, மறுக்க மாட்டேன். ஆனால் மாதக் கடைசியில் வேறு எந்தக் கதவும் திறக்காதபோது அரிசி கொடுத்ததும் அந்தக் கடைகள்தான்.

சரக்கு வந்த வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1901இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் திறந்தது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாக வந்த ரஜுலா கப்பல் 1926இலிருந்து 1970களின் தொடக்கம் வரை ஆட்களையும் சரக்கையும் இங்கே இறக்கியது. கப்பல் வந்த வாரம் பலகை நிறையும், தாமதமானால் காலியாகும். எதற்கு எவ்வளவு இடம் என்று கடைக்காரர் போட்ட திட்டத்தின் மேல் கடல் ஒரு கை வைத்தபடியே இருந்தது.

அரசாங்கமும் கை வைத்தது. 1942 ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போன பிறகு மூன்றரை ஆண்டு பலகையில் வைக்கவே ஒன்றும் இல்லை. மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு, வாழைமரம் அச்சிட்ட நோட்டுதான் பணம். அதைவிட விசித்திரமான காலம் அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக் கூடாதென்று 1951இலிருந்து கடைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. எந்தப் பொருளை எவ்வளவு வைத்திருக்கலாம், யாருக்கு விற்றாய் என்பதற்கெல்லாம் பதிவு. டின் உணவு விற்றால் கடைக்காரரே அதில் துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். துளை போட்ட டின்னை ஒளித்து வைக்க முடியாது, அன்றைக்கே சாப்பிட வேண்டும். மத்தி டின்னைப் பலகையிலிருந்து இறக்கி, ஆணியும் சுத்தியலும் எடுத்து, வாங்குபவர் கண்ணெதிரே குத்துவதை அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். எண்ணெய் மேசையெல்லாம் வழியும். ‘டின்ல லாபம் நின்ன காலத்துல டின்ன விக்கவே வெறுப்பா இருந்துச்சு’ என்பார். அந்த ஆண்டுகளில் டின்கள் தலைக்கு மேலே இருந்த பலகையை விட்டே இறங்கிப் போயின.

வாடிக்கையாளரின் கை சரக்கின்மேல் படலாம் என்ற எண்ணம் அமெரிக்காவில் பிறந்தது. 1916 செப்டம்பர் 6ஆம் தேதி மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். மேசையை எடுத்துவிட்டு, கூடையைக் கையில் கொடுத்து, ஒரு வழியாக நுழைந்து எல்லாப் பலகையையும் கடந்து மறு வழியாகப் பணம் கட்டி வெளியேறும்படி வைத்தார். மறு ஆண்டு அந்த அமைப்புக்குக் காப்புரிமையும் வாங்கினார். கடைப் பையன்களின் சம்பளத்தை மிச்சப்படுத்த வந்த யோசனை, வாங்க நினைக்காததையும் வாங்க வைக்கும் வித்தையாக வளர்ந்தது.

எங்கள் பக்கம் அது நின்று நிதானமாகத்தான் வந்தது. பெட்டாலிங் ஜெயா செக்‌ஷன் 14இல் ஜெயா சூப்பர்மார்க்கெட் 1974இல் வந்தபோது கிள்ளானிலிருந்து பஸ் ஏறிப் பார்க்கப் போனவர்கள் உண்டு. எங்கள் தெருவில் மேசையை உடைத்தது சூப்பர்மார்க்கெட்டைவிட, கிலோவும் பிளாஸ்டிக் பையும்தான் என்பது என் கருத்து. 1972இல் எடை, அளவைச் சட்டம் வந்தது. அடுத்த பத்தாண்டில் கட்டியும் தாயிலும் சட்டக் கணக்கிலிருந்து போய் கிராமும் கிலோவும் வந்தன. நிறுத்துக் கொடுத்ததெல்லாம் ஒட்டிய பையில் வர ஆரம்பித்தது. மிளகாய்த்தூள் 250 கிராம், மல்லித்தூள் 250 கிராம், மேலே படம், பெயர், பின்னால் 955இல் தொடங்கும் பார்கோடு. இழுப்பறைக்கு வேலை போனது. பைகள் நிற்கப் பலகை வேண்டும். பார்த்து எடுக்க வாடிக்கையாளர் உள்ளே வர வேண்டும். அப்பா மேசையைச் சுருக்கிக் கல்லாவோடு வாசலுக்கு வந்தார். முதுகுக்குப் பின்னால் இருந்த சரக்கு முதன்முதலாக அவர் முகத்துக்கு முன்னால் வந்தது. வாய்க்கு வேலை குறைந்தது.

நான் அந்தக் கடையில் தொடரவில்லை. மசாலாத்தூள் விநியோகம் செய்யும் ஒருவரிடம் விற்பனையாளனாகச் சேர்ந்து, வேனில் கிள்ளான், ஷா ஆலாம், செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் என்று சுற்றினேன். வேனில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும். பையின் முகம் எத்தனை முன்னால் தெரிகிறதோ அத்தனை ஃபேசிங். ‘அண்ணே, இன்னும் ஒரு ஃபேசிங் குடுங்க’ என்று கெஞ்சுவதுதான் என் தொழில் என்று சொன்னாலும் தகும்.

அந்தக் கெஞ்சலுக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. உதாரணத்துக்கு ஓரடிப் பலகையை எடுத்துக்கொள்வோம். அதில் மிளகாய்த்தூள் வைத்தால் பைக்கு எண்பது காசு நிற்கும், வாரம் இருபது பை போகும் என்றால் வாரத்துக்குப் பதினாறு வெள்ளி. அதே அடியில் வெளிநாட்டு ஜாம் வைத்தால் புட்டிக்கு மூன்று வெள்ளி நிற்கும், ஆனால் வாரம் மூன்றுதான் போகும்; ஒன்பது வெள்ளி. பார்வைக்கு ஜாம் லாபம், கணக்குக்குத் தூள் லாபம். பொருளுக்கு எவ்வளவு என்று பார்ப்பவர் கடை மெலியும், அடிக்கு எவ்வளவு என்று பார்ப்பவர் கடை நிற்கும். அப்படியானால் தூளுக்கே பத்தடி கொடுத்துவிடலாமா? முடியாது. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ரொனால்ட் கர்ஹான் சூப்பர்மார்க்கெட்டுகளில் பார்த்ததில், இடத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் விற்பனை சராசரியாக ஏறத்தாழ இரண்டு விழுக்காடுதான் ஏறியது. இரண்டாவது அடி முதல் அடியைப் போலச் சம்பாதிக்காது. மூன்றாவது இன்னும் குறைவு. 1994இல் டிரெஸ், ஹோக், பர்க் என்ற மூவர் எழுதிய ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: எத்தனை ஃபேசிங் என்பதைவிட, எந்த உயரத்தில் என்பதே பெரிது. கண்ணுக்கு நேரே வைத்தால் விற்கும், கணுக்காலுக்கு நேரே வைத்தால் தூசு படியும்.

அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை, ஒன்றைத் தவிர. யாருடைய கண்? சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு வந்திறங்கிய இரும்பு அடுக்குகளில் ‘கண் உயரம்’ என்று குறித்திருந்த பலகை நம் பெண்களில் பலருக்குத் தலை உயரம். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில், கடை மூடிய பிறகு எங்கள் தூள் பைகளை ஒரு தட்டு கீழே இறக்கி அடுக்க அனுமதி கேட்டேன். மேலாளர் சிரித்தார்: ‘எல்லாரும் மேலே கேப்பாங்க, நீங்க கீழே கேக்கிறீங்க.’ இறக்கினோம். அடுத்த மாதமே ஆர்டர் கூடியது. சேலையும் பாஜூ குரோங்கும் உடுத்தியவர்கள் நின்று, நிமிராமல், குனியாமல் எடுக்கிற தட்டு அது. கல்லாவில் உட்கார்ந்த அப்பாவின் கை எவ்வளவு தூரம் போகும் என்பதை வைத்து ஒரு காலத்தில் எழுந்த பலகை, இப்போது தள்ளுவண்டி தள்ளும் ஒரு பெண்ணின் கண்ணை வைத்து எழுந்தது.

எந்தத் தட்டு விற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த நாளில் பலகைக்கு விலை வந்தது. கண்ணுக்கு நேரான தட்டுக்கு இவ்வளவு, வரிசையின் முனைக்கு இவ்வளவு, கல்லா பக்கத்துக்கு இவ்வளவு என்று டிஸ்ப்ளே கட்டணம். புதுப் பொருள் உள்ளே நுழையவே ஒரு தொகை. பெரிய கம்பெனிகள் கட்டின. எந்தத் தட்டில் எந்தப் பை என்று கணினியில் வரைந்த பிளானோகிராம் தாளும் அவர்களிடமிருந்தே வந்தது. கிள்ளானில் வீட்டோடு ஆலை வைத்து மல்லி வறுத்து அரைத்த சிறு உற்பத்தியாளருக்கு அந்தத் தொகை ஒரு மாத லாபம். தூள் நன்றாக இருந்தும் தட்டு கிடைக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். இதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் உண்டு. சமையலறையில் தோற்றால் நியாயம்; சமையலறைக்குப் போகவே விடாமல் தோற்கடிப்பது என்ன போட்டி?

பழைய கடைகளை ஒரே அடியில் உலுக்கியது வேறொன்று. 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாப்புக் கொடுத்திருந்தது. 1997இல் அதை நீக்கினார்கள். அவகாசம் 1999 முடிவோடு தீர்ந்தது. மாதத்துக்கு ஒரு தடவை விற்கும் நாட்டு மருந்தும் பித்தளைச் சொம்பும் பலகையில் பொறுமையாக இருந்ததற்குக் காரணம் மலிவு வாடகைதான். 2000 பிறந்ததும் ஒவ்வோர் அடியும் தன் வாடகையைத் தானே சம்பாதிக்க வேண்டியதாயிற்று. அப்பாவின் கடையும் அந்தக் கணக்கில்தான் மூடியது.

அதே ஆண்டுகளில் எதிர்ப்பக்கம் பெரிய பலகைகள் வளர்ந்தன. கோத்தா பாருவில் 1957இல் ஓர் இந்திய முஸ்லிம் குடும்பம் தொடங்கிய மைடின் 1989இல் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவுக்கு வந்து, பிறகு சுபாங் ஜெயாவில் ஹைப்பர்மார்க்கெட்டே கட்டியது. கேரிஃபோர் 1994இல் வந்தது, டெஸ்கோ 2002இல் பூச்சோங்கில் திறந்தது. சிறு கடைகள் கூச்சல் போட்டதில், கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் ஜொகூர் பாருவிலும் புது ஹைப்பர்மார்க்கெட்டுக்கு 2004இலிருந்து ஐந்தாண்டுத் தடை என்று அரசாங்கம் அறிவித்தது. 2010இல் நடப்புக்கு வந்த விநியோக வணிக வழிகாட்டி இன்னும் நேராகப் பலகையிலேயே கை வைத்தது: ஹைப்பர்மார்க்கெட் பலகையிடத்தில் குறைந்தது 30 விழுக்காடு பூமிபுத்ரா சிறு, நடுத்தர உற்பத்தியாளர்களின் பொருளுக்கு. அவசரகாலத்துக்குப் பிறகு பலகையை இத்தனை வெளிப்படையாக அரசாங்கம் பங்கிட்டதை நான் பார்த்ததில்லை. சிறியவருக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பூமிபுத்ரா என்ற வரையறைக்குள் வராத இந்திய மசாலாக்காரர் மீதி எழுபதில் பன்னாட்டுக் கம்பெனியோடு மோத வேண்டியிருந்தது. அவரும் சிறியவர்தானே?

பிரிக்ஃபீல்ட்ஸ் கதை கொஞ்சம் வேறு. 2001இல் கேஎல் சென்ட்ரல் வந்தது; 2010 அக்டோபர் 27ஆம் தேதி அன்றைய மலேசியப் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் அங்கும் ஒரு லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். ஜாலான் துன் சம்பந்தனில் நடக்கிற கூட்டம் மாறியது. மாதச் சாமான் வாங்கும் ரயில்வே குடும்பங்கள் குறைந்து, ரயிலிலிருந்து இறங்கி நடப்பவர்களும் சுற்றுலாக்காரர்களும் கூடினார்கள். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு யார் ரயில் ஏறுவார்? பையில் அடங்குவது முன்னால் வந்தது: முறுக்கு, மிக்சர், ஊதுபத்தி, வளையல். ஐந்தடி நடைபாதையில் பூக்கட்டுபவர்கள். அந்த இருபது அடி முகப்பின் மதிப்பு அங்கேதான் இன்று மிக அதிகம்.

கிள்ளானில் இப்போது யாரும் தப்ப முடியாத பெயர் 99 ஸ்பீட்மார்ட். 1987இல் லீ தியாம் வா கிள்ளானில் ஒரு சின்ன மளிகைக் கடையாகத் தொடங்கினார். சிறுவயதில் போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்டவர். 2024 செப்டம்பர் 9ஆம் தேதி அவர் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்து 236 கோடி வெள்ளி திரட்டியபோது கிளைகள் 2,600க்கு மேல். எந்தக் கிளைக்குப் போனாலும் சீனி, எண்ணெய், பால் டின், சவர்க்காரம் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எங்கள் தெருவில் பிறந்திருக்க வேண்டிய ஆள் என்று நான் பெருமையாகவே சொல்வேன்.

அந்த நான்கு பொருளில் அவரோடு விலையில் போட்டி போட முடியாது என்பதைத் தெங்கு கெலானாக் கடைகள் தெரிந்துகொண்டன. என் நண்பர் ஒருவரின் மகன் அங்கே நடத்தும் கடையில் போன மாதம் அளவு நாடாவோடு நின்றேன். வாசலில் வாழை இலை, வெற்றிலை, முருங்கைக்கீரை, மாவிலை. நுழைந்தவுடன் இடது கைப்பக்கம் குத்துவிளக்கும் கற்பூரமும் மஞ்சள் கயிறும். நான் இறக்கி வைத்த அதே உயரத்தில் பொடிகள். அதில் டிஸ்ப்ளே கட்டணம் கட்ட முடியாத உள்ளூர்த் தூள் இரண்டு. இட்லி அரிசியும் பொன்னியும் சின்னப் பைகளில், தூக்க முடிகிற பாரத்தில். சீனிக்கு உள்மூலையில் அரையடி. ‘சீனி இல்லன்னா அக்காமாருங்க வேற கடைக்குப் போயிடுவாங்க மாமா, அதுக்குத்தான் வச்சிருக்கேன்’ என்றார். தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது அந்த அரையடியும் முறுக்கு மாவுக்குப் போய்விடுமாம். சீனியைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கேட்பவருக்குக் கையால் எடுத்துக் கொடுப்பாராம்.